தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்ட பஜனை

பஜனை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவரில் படித்தவர் முகத்தைச் சுளிப்பது வழக்கமாகிவிட்டது. வேலையற்றவர் வேலை என்பார் ஒருவர். பாமரர் கூச்சல் என்பார் மற்றொருவர். சீர்திருத்தம் பேசுவோர்க்கு அது மூடபக்தியின் மிச்சம். கோயிற் காரியஸ்தர்க்கோ ஆகமத்திற் சேராத வெறும் பொழுதுபோக்கு. ஆங்கிலம் படித்து, கோலசிலாங்கூர்ப் பகுதியில் ஒரு தோட்டத்து ஆப்பீசில் கணக்கெழுதிவரும் நானும் நெடுநாள் அக்கூட்டத்திலேயே சேர்ந்திருந்தேன் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல். சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டிருந்த நேரம். ஆப்பீசில் வேறொருவரும் இல்லாமையால் கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். லயத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர், சேமநிதிக் காகிதம் ஒன்றைக் காட்ட உள்ளே வந்தார். வந்தவர் காகிதத்தை மறந்து நின்றுவிட்டார்.

"இது நம்ம பஜனைப் பாட்டுல்ல தம்பி? ஆனா மாதாகோயிலுப் பெட்டியில வாசிக்கிறாங்களே!" என்றார்.

"ஆமா பாட்டி. பாடுறவங்க அமெரிக்காக்காரம்மா. கறுப்பு இனத்தவங்க. இறந்து பல வருசமாச்சு."

"அவுங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

இக்கேள்விக்கு அன்று நான் சரியான விடை கூறவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்து அனுப்பிவிட்டேன். ஆயினும் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் போனபோது, அது இந்நாட்டுத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரி வாசலில் வந்து முடிந்தது. அதனையே நேயர்களுக்கு இங்கு எழுதத் துணிந்தேன்.

1913-ஆம் ஆண்டு. ரப்பர் பயிர் பெருகிவந்த காலம். சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காடுகள் வீழ்ந்து கித்தாக் கன்றுகள் எழுந்துகொண்டிருந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டுக் கங்காணி முறை ஓங்கியிருந்தது. காட்டை வெட்டினால் கொசு. கொசு வந்தால் காய்ச்சல். கிள்ளானில் 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்ஸன் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்ட வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் உள்நாட்டுத் தோட்டங்களில் ஜனங்கள் கொய்னாவை நம்பியே உயிர் வாழ்ந்தார்கள். பலர் அதை விழுங்கியும் மாண்டார்கள். அத்தகைய காலத்தில்தான் திருநெல்வேலிப் பத்தமடையிற் பிறந்த குப்புசுவாமி என்னும் இருபத்தைந்து வயது வைத்தியர் கப்பலேறி மலாயா வந்தார்.

தஞ்சையில் வைத்தியம் படித்தவர். திருச்சியிலிருந்து 'அம்புரோசியா' என்னும் வைத்தியப் பத்திரிகையை நடத்தியவர். சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியைத் தனியே நடத்த முடியுமா என்று துரை கேட்க, ஒன்றென்ன, மூன்றையும் நடத்துவேன் என்று தாம் விடையிறுத்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். வாலிபப் பேச்சுத்தான்! எனினும் அவ்விடத்தில் ஏழாண்டும், பின்னர் ஜொகூரில் மூன்றாண்டுமாகப் பத்து வருஷம் இந்நாட்டுத் தமிழர் உடம்பைத் தொட்டுப் பார்த்த கை அது. 1923-இல் எல்லாவற்றையும் விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார்.

துறவியானவர் பலர். ஆனால் சிவானந்தர் செய்த ஒரு காரியம் நம் பொருளுக்கு முக்கியமானது. யோகமென்றால் மூச்சை அடக்குவதும் உடம்பை வளைப்பதுமே என்றிருந்த காலத்தில், பாட்டையும் அதனோடு சேர்த்து யோகம் என்றார். பிரசங்க மேடையில் ஏறினால் பேச்சைக் குறைத்துப் பாட்டைக் கூட்டுவார். நாமாவளிக்கு நடுவே ஆங்கிலச் சொற்களையே அடுக்கிப் பாடுவார். பண்டிதர்கள் சிரித்தார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. 1936-இல் தெய்வ நெறிக் கழகம் தோன்றியது. 1943 டிசம்பர் 3-ஆம் தேதி ரிஷிகேச ஆசிரமத்தில் அகண்ட நாம கீர்த்தனம் தொடங்கிற்று. ஒருவர் மாற்றி ஒருவராக இரவு பகல் ஓயாது பாடும் ஏற்பாடு. நம் பத்து மலையிலும் அவர் பெயரால் ஓர் ஆசிரமம் உண்டு. போய்வந்த நேயர்கள் அறிவார்கள்.

அவருடைய சீடர் பட்டாளத்தில் ஒருவர் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்து இராமசாமி. 1914-இல் பிறந்தவர். கொங்கு வேளாளக் குடும்பம். மணம் முடித்து, மனைவியை இழந்து, பழனியிலும் திருவண்ணாமலையிலும் அலைந்து, 1949-இல் சிவானந்தரிடம் காவியுடை பெற்று சச்சிதானந்தர் எனப் பெயர் கொண்டார். 1953-இல் குரு அவரை இலங்கைக்கு அனுப்பினார். கண்டியில் தபோவனம் அமைத்துப் பதின்மூன்று ஆண்டு அங்கேயே இருந்தார். 1966-இல் நியூயார்க் போனார். சில நாள் தங்கிவிட்டு வருவதாகப் போனவரை அவ்வூர் இளைஞர்கள் விடவில்லை.

1969 ஆகஸ்டு 15-ஆம் தேதி, வுட்ஸ்டாக் என்று உலகம் அழைக்கும் பெரும் இசைவிழாவின் முதல் நாளன்று, தாடியும் காவியுடையுமாக மேடையில் அமர்ந்து பேசியவர் இவரே. விழாவுக்கு வந்து சேர்ந்த கூட்டம் ஏறக்குறைய நான்கு இலட்சம். ஒலியின் வலிமையைப் பற்றிச் சில நிமிஷம் பேசினார். பிறகு தாம் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லுமாறு நாமம் பாடுவித்தார். மின்சாரக் கித்தார் கேட்க வந்த வெள்ளைக்கார வாலிபர்கள், கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் முன்னே பாடப் பின்னே பாடினார்கள். அவர்கள் அறியாமலே அங்கு நடந்தது நம்மூர்ப் பஜனை முறை. முன்பாட்டு, பின்பாட்டு, அவ்வளவே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சச்சிதானந்தரைக் குறையற்றவரென்று நான் எழுத வரவில்லை. 1991-இல் அவருடைய முன்னாள் சீடர் சிலர் அவர்மீது ஒழுக்கக் குற்றம் சாட்டினர், அவர் மறுத்தார். குரு என்ற சொல்லுக்கு முன்னால் அறிவைக் கழற்றிவைக்க வேண்டுமென்று எவரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. நான் பின்தொடர்வது பாட்டை. பாட்டுக்கு வாகனமாயிருந்தவர்களை அல்ல.

இனி, மூதாட்டி கேட்ட குரலுக்கு வருவோம். அலிஸ் மக்ளவுட் என்பது அவருடைய பிறந்த பெயர். 1937-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கார்த் தொழிற்சாலைகளின் புகை சூழ்ந்த ஊரில் பிறந்தவர். தாயார் கிறிஸ்தவக் கோயிற் பாடகர் குழுவைச் சேர்ந்தவர். சிறு பெண்ணாயிருக்கும்போதே அலிஸும் அங்குப் பெட்டி வாசித்தார். பிறகு ஜாஸ் என்னும் கறுப்பு மக்கள் சங்கீதத்தில் புகுந்து பியானோவிலும் யாழிலும் தேர்ந்தார். சாக்ஸபோன் வித்துவான் ஜான் கோல்ட்ரேனை மணந்தார். 1967 ஜூலையில் ஜான் ஈரல் புற்றுநோயால் நாற்பது வயதில் இறந்தபோது அலிஸுக்கு வயது இருபத்தொன்பது. கையில் நான்கு குழந்தைகள்.

துக்கம் அவரை உருக்குலைத்தது. உறக்கம் போயிற்று, உடல் மெலிந்தது, விழித்திருக்கையிலேயே காட்சிகள் தோன்றின. இக்காலத்து வைத்தியர் இதற்கொரு பெயரிடுவர், பக்தர் வேறொரு பெயரிடுவர். அந்நிலையில்தான் சச்சிதானந்தரிடம் வந்து சேர்ந்தார். 1970 நவம்பரில் தம் வீட்டிலேயே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். தம்புரா சுருதி நிற்க, அதன்மேல் யாழ் வழிந்தோட, பக்கத்தில் சாக்ஸபோன் முனக, வாய்ப்பாட்டே இல்லாமல் அமைந்த பாட்டு. சச்சிதானந்தத்தினுள் பயணம் என்று பொருள்படும் பெயருடன் 1971-இல் அது வெளிவந்தது. இன்றளவும் உலகெங்கும் ஜாஸ் கேட்போர் வீட்டில் இருக்கும் தட்டு அது. செட்டிபாளையத்துக்காரரின் காவிப்பெயர் அதன் அட்டையில் அச்சாகியிருப்பதைக் கடையிற் பார்க்கும் எத்தனை தமிழர் அது நம்மவர் பெயரென்று அறிவரோ தெரியாது.

அந்த டிசம்பரில் குருவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார் அலிஸ். அடுத்த ஆண்டுகளில் நாமாவளிகளையே இசைத்தட்டில் வாசிக்கலானார். பிறகு துரியசங்கீதானந்தா என்ற பெயர் பூண்டு, கலிபோர்னியாவில் வேதாந்த நிலையம் ஒன்றை நிறுவி, 1983-இல் அகூரா மலைப்பக்கம் ஓர் ஆசிரமம் அமைத்தார். அதற்குள்ளாகப் பேர் பெற்ற கம்பெனிகளுக்கு இசைத்தட்டுச் செய்வதை நிறுத்திவிட்டார். புகழின் உச்சியில் கடையைச் சாத்தியவர் என்று சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த ஆசிரமத்தில் பஜனை. பாடுவோர் பெரும்பாலும் கறுப்பு மக்கள். பாட்டின் சொல் சமஸ்கிருதம். மெட்டின் நடையோ டெட்ராய்ட் மாதாகோயில். கை தட்டுவதும், குரலெடுத்துக் கூவுவதும், ஒருவர் எடுத்த அடியை மற்றவர் மடக்கி வாங்குவதும் அவர்கள் பாட்டன்மார் பருத்திக் காட்டிலிருந்து கொண்டுவந்தவை. 1982-இல் 'துரியா பாடுகிறாள்' என்னும் பொருளுடைய ஒரு நாடா வெளிவந்தது. தம் குரலைத் தனித்து முன்னே நிறுத்தி அவர் பாடியது அதில்தான். ஆசிரமத்தாருக்காகச் செய்த நாடா, கடைக்குப் போகவில்லை. 1987, 1990, 1995 ஆகிய ஆண்டுகளில் இன்னும் மூன்று. 2007 ஜனவரியில் அவர் காலமானார். பத்தாண்டு கழித்து, 2017-இல், இந்நாடாக்களிலிருந்து தெரிந்தெடுத்த பாட்டுக்களை ஒரு கம்பெனி வெளியிட, உலகம் திடீரென்று காது கொடுத்தது. 2021-இல் அவர் மகன் ரவி, முதல் நாடாவின் பாட்டுக்களையே வேறு பக்கவாத்தியம் ஒன்றுமின்றித் தாயின் குரலும் ஆர்கன் பெட்டியும் மட்டுமாக வெளியிட்டார். அன்று என் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது அதுவே. தாழ்ந்த குரல்; அவசரமில்லாத குரல்; சங்கதி காட்டி மிரட்டாத குரல். 'ஜகதீஸ்வர்' என்று தொடங்கும்போது, வித்துவத்தையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் உள்ளே வருவதுபோலிருக்கிறது.

யோகத்தையும் நாமப் பாட்டையும் தம் இசையில் கலந்தவர் அலிஸ் ஒருவர்தாமா என்று கேட்கலாம். இல்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிஸன் 1969-இல் இலண்டன் கிருஷ்ண பக்தர்களைக் கொண்டு மகாமந்திரத்தைத் தட்டாக்கி விற்றார். மறுவருஷம் தாமே பாடிய பாட்டில் அல்லேலூயாவையும் ஹரே கிருஷ்ணாவையும் அடுத்தடுத்து வைத்தார். மடோனா என்னும் பாடகி 1998-இல் யோகப் பயிற்சியின் தொடக்கத்திற் சொல்லும் சமஸ்கிருதச் சுலோகத்தை ஆட்டப் பாட்டாக்கினார். முன்பு பெண்கள் குழுவொன்றில் பாடிப் பிரபலமான பெலிண்டா கார்லைல் 2017-இல் சீக்கியர் வழிவந்த யோக நாமங்களை மேல்நாட்டு மெட்டில் தனித்தட்டாகவே வெளியிட்டார். இவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் எனக்கு ஒரு பேதம் தோன்றுகிறது. மற்றவர் பலர் தம் சங்கீதத்தில் நாமத்தைச் சேர்த்தார்கள், குழம்பில் பெருங்காயம் சேர்ப்பதுபோல. அலிஸோ ஒரு கூட்டத்தையே உண்டாக்கி, அக்கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து பாடினார். பஜனைக்குக் கூட்டம் வேண்டும். கூட்டமில்லாத நாமாவளி வெறும் பாட்டு.

இந்த யோகம், பாட்டு என்னும் கூட்டுறவைப்பற்றி நம் நாட்டிலும் ஒரு விவாதம் எழுந்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம், முஸ்லிம்கள் யோகம் பழகலாகாது என்று கூறியது. உடலசைவோடு வழிபாடும் உச்சாடனமும் கலந்திருப்பதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. உச்சாடனமின்றி உடற்பயிற்சியாக மட்டும் செய்யத் தடையில்லையென்று அப்போதைய பிரதமர் அப்துல்லா படாவி பின்னர் விளக்கினார். அம்மார்க்கத்தாரின் முடிவைப்பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நம்மவர் பட்டணத்து யோக வகுப்புக்குப் பணங்கட்டிப் போய்ப் பாட்டை விட்டுவிட்டு முதுகை மட்டும் நிமிர்த்திக்கொண்டு வருகிறார்கள். அதன் உயிர்நிலை வாயில் வரும் நாமத்தில் இருக்கிறதென்பதை மன்றத்தார் கண்டுகொண்ட அளவுக்கு நாம் கண்டுகொள்ளவில்லை.

சரி, டெட்ராய்ட்டுப் பெண்மணிக்கு நம் பஜனை ஏன் அவ்வளவு எளிதிற் பற்றிக்கொண்டது? சமஸ்கிருதம் படித்ததனாலன்று. அது ஏற்கெனவே அவர் அறிந்த முறையாக இருந்தது. ஒருவர் பாட, எல்லாரும் திருப்பிப் பாடுவது. எழுத்து வேண்டாம், ஏடு வேண்டாம். பூசாரியும் வேண்டாம், மூலஸ்தானமும் வேண்டாம். ஒரு தாளம் போதும். அடிமைப்பட்ட கறுப்பு மக்கள் தம் எஜமானருடைய வேதத்தைப் பெற்று அதனைத் தமதாக்கிக் கொண்டது இம்முறையினாலே. நம் பாட்டன்மார் லயத்துக் கோடியில் பஜனை மடம் கட்டி மார்கழி விடியலில் பாடிவந்ததும் இம்முறையினாலே. அடிமையும் கூலியும் ஒன்றல்ல. ஒன்றென்று சொல்வது அவர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்வதாகும். ஆயினும், நாளெல்லாம் பிறர் சொற்படி நிரையில் நின்றவன், இரவிலே தானே எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடும் அந்த ஒரு நாழிகையின் ருசி இரு சாராருக்கும் தெரியும்.

பஜனையில் ஜாதி இல்லையென்று பெருமையாகச் சொல்லிவிட ஆசைதான். ஆனால் உண்மை இடங்கொடாது. மேற்குடியார் லயத்துக்கு ஒன்று, மற்றவர் லயத்துக்கு ஒன்று என்று இரண்டு மடம் இருந்த தோட்டங்களைப் பற்றி நம் பெரியவர்களே சொல்லுவார்கள். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. இந்நாட்டுக்கு வந்தபோது அவர் கண்டிக்க வேண்டிய விஷயங்கள் தோட்டத்தில் நிரம்ப இருந்தன. அவற்றைத் துடைக்கப் பாடுபட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் துடைக்கும்போது அழுக்கோடு குரலையும் சேர்த்துத் துடைத்துவிட்டோமோ என்பதே இப்பொழுது எனக்குண்டாகும் ஐயம். குருட்டுப் பழக்கத்தை ஒழிப்பது வேறு. ஒரு கூட்டம் தன் வாயால் பாடுவதை வெட்கப்படும்படி செய்வது வேறு.

எங்கள் பக்கத்துச் செய்தியைச் சிறிது சொல்கிறேன். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் சடக்கில் இப்போது கண்ணுக்கெட்டியவரை செம்பனை. வர்த்தக முறையில் முதன்முதல் செம்பனை நட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே. தோட்டத்தின் பெயரே தமிழ் என்பதைப் பாருங்கள். அவ்வூருக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். மரம் மாறிற்று, ஊர்ப்பெயர் மாறிற்று, ஆளும் மாறினார்கள். எங்கள் பெரட்டில் இன்று நிற்பவர்களில் பெரும்பாலோர் பங்களாதேசத்தவரும் இந்தோனேசியரும். தமிழ்ப் பெயர்கள் என் சம்பளப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. பஜனை மடம் இன்னும் நிற்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, துருத்தி கிழிந்த ஆர்மோனியம் ஒன்று. அந்நிலம் வீடமைப்புக்குப் போகிறதென்று கடிதம் வந்துவிட்டது. கடிதத்தைக் கோப்பில் வைத்தவன் நானே.

கலிபோர்னியாவில் அலிஸின் ஆசிரமமும் இன்று இல்லை. 2018 நவம்பரில் மூண்ட காட்டுத்தீயில் எரிந்து போயிற்று. ஆனால் அங்குப் பாடிய பாட்டு நாடாவிலிருந்தது, அதனால் எரியவில்லை. எங்கள் மடத்தில் மூன்று தலைமுறை முன்பாட்டுப் பாடினவர்களில் ஒருவர் குரலையாவது எவரும் பதிவு செய்து வைக்கவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை விடியலில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். பதினொருவர் வந்திருந்தார்கள், அவர்களில் இருவர் குழந்தைகள். மிருதங்கம் இல்லை, ஜால்ராவும் சிப்ளாக்கட்டையும் இருந்தன. முன்பாட்டுக்கு ஆணொருவரும் இல்லாமையால் அந்த மூதாட்டியே எடுத்துக் கொடுத்தார். நடுவில் இரண்டு முறை அடி மறந்தது. ஒரு முறை பின்பாட்டார் நினைவூட்டினார்கள், மறுமுறை அவரே வேறொரு பாட்டுக்குத் தாவிவிட்டார். பாட்டோடு பாட்டாகக் குலை ஏற்றப் போகும் லாரியின் சத்தமும் பதிவாகியிருக்கிறது. மொத்தம் நாற்பத்திரண்டு நிமிஷம்.

திங்கட்கிழமை அவர் ஆப்பீசுக்கு வந்தபோது அதனைப் போட்டுக் காட்டினேன். அவர் முன்பு கேட்ட கேள்விக்கும் விடை சொன்னேன்: சிரம்பான் பக்கத்துத் தோட்டத்து டாக்டர் ஒருவர், அவருடைய சீடராகிய கோயம்புத்தூர்க்காரர், அவரிடம் வந்த அந்த அம்மாள் என்று. பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. தம் குரலையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் தொண்டை இவ்ளோ கரகரப்பா இருக்கு தம்பி" என்றார் சிறிது நேரங்கழித்து. "அந்த மூணாவது பாட்டை நான் தப்பாப் பாடிட்டேன். வர்ற சனிக்கிழமை மறுபடி வாங்க. அதை மட்டும் திரும்பப் பிடிச்சுக்கலாம்."